மதர்போர்டு விற்றவர்

கேமிங் கம்ப்யூட்டருக்கு நான் தேடிய மதர்போர்டு கடைகளில் வருவது நின்றுவிட்டது. மைசூரு குவெம்புநகரில் ஒருவர் தன்னுடையதை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

முப்பது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய முடி. பேசும்போது கண்கள் என் தோளுக்கு மேலே எங்கோ நின்றன. போர்டை எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஜன்னல் கம்பியைத் தொட்டார். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் போர்டைக் கெடுத்துவிடக் கூடாதாம். பிறகு கன்னடம் கலந்த தமிழில் சொல்லிக்கொண்டே விரலால் தடவித் தடவிக் காட்டினார்.

“இது ராம் ஸ்லாட். இங்க சாக்கெட், உள்ள பின் இருக்கு, ஸ்வல்ப பாத்து சார்.”

“நல்லாத்தானே இருக்கு, ஏன் விக்கிறீங்க?”

“போர்டு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பார்வை போயிட்டிருக்கு. இன்னும் கொஞ்ச நாள்தான்னு டாக்டர் சொல்லிட்டார்.”

பணத்தை எண்ணி அவர் கையில் வைத்தேன்.

“முதல் தடவ ஆன் பண்றப்ப ஒரு போன் பண்ணுங்க” என்றார்.

இரண்டு வாரம் கழித்து எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்துவிட்டு, அவரை அழைத்தேன்.

“ஸ்க்ரீன்ல என்ன வருது?”

“கேம் எதுவும் இன்னும் போடல. வெறும் செட்டிங்ஸ் பேஜ்தான்.”

“அதையே படிங்க சார்.”

பிராசஸர் பெயர், ராம், ஃபேன் வேகம், தேதி, மணி என்று வரிவரியாகப் படித்தேன்.

“அவ்வளவுதான், முடிஞ்சுது” என்றேன்.

“மணிக்குப் பக்கத்துல நொடி ஓடிட்டிருக்குமே. அதப் படிங்க.”

படித்தேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று. போதும் என்று அவர் சொல்லவில்லை. நானாக நிறுத்தவும் எனக்கு மனம் வரவில்லை.