வெறுங்காலுக்குத் தெரியாத மேடு

டைல்ஸ்காரர்கள் முடித்துவிட்டுப் போன வீடுகளுக்குள் நுழைகிற பெயின்டர் நான். எத்தனையோ பேருடைய தரையை மிதித்திருக்கிறேன். ஆனால் 'வெறுங்கால்' என்று நாங்கள் கூப்பிடும் டைல்ஸ்காரரைப் போல இன்னொருவர் கிடையாது. தரை சமமா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பார், ஆனால் அதை நம்பமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தரை முழுக்க நடப்பார். ஒரு டைல் மயிரிழை உயர்ந்திருந்தாலும் பாதம் நின்றுவிடும். பெயர்த்துப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

அவர் குடும்பத்தில் சர்க்கரை நோய் சொத்து மாதிரி பாகம் பிரிந்திருந்தது. அப்பாவுக்குக் கண் போயிற்று. அண்ணனுக்குச் சிறுநீரகம். அக்காவுக்கு ஒரு கால். மூவருக்கும் ஒரே சப்பை மூக்கு. இவர் மட்டும் அச்சு அசல் அம்மா. ஒல்லி, நீள முகம். அதனால் இவருக்கு வராது என்று வீடே கூடித் தீர்ப்பு எழுதிவிட்டது. மூக்கைப் பார்த்து ரத்தத்தைக் கணிக்கிற மேதாவிகள்! அண்ணனையும் அக்காவையும் பரிசோதனைக்கு அழைத்துப் போவதே இவர்தான். ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பாரே தவிர, தன் விரலை ஒருநாளும் நீட்டியதில்லை. காலேஜ் படிக்கும் ஒரே மகளும் அவர் ஜாடை. அவளையும் தப்பித்தவர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

போன வருடம் ஒரு வீட்டுக்காரம்மா இவர் போட்ட தரையில் தடுக்கி விழுந்தார். இவருக்கு வந்ததே கோபம். என் தரையில் குறையா என்று செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி நடந்து காட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கியிருந்த ஒரு டைல் விளிம்பில் கட்டைவிரல் இடித்துக் கிழிந்தது. அவர் நிற்கவில்லை.

"அண்ணே, கால்ல ரத்தம்" என்றேன்.

கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தார். நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். பாதி இடங்களில் தெரியவில்லை. சர்க்கரை வந்து பல வருடம் இருக்கும் என்றார். ஒல்லியாக இருந்தாலும் வரும், முகச்சாயலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். புண் ஆறிவிடும், போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம். மகளையும் அழைத்து வந்து ரத்தம் பார்க்கச் சொன்னார்.

அதை மட்டும் அவர் செய்யவில்லை. கால் உணர்ச்சியோடு வேலையும் போனதைக்கூட வாய்விட்டுச் சொன்ன மனிதர், மகள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். டாக்டரிடம் அந்த இழையைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். சாயங்காலம் மகளை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, அவள் பாதத்தை விரல் விரலாகத் தொடுவார். அவள் கூசுகிறது என்று காலை இழுத்தால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவார். இதற்கெல்லாம் கால் சாட்சி சொல்லாது, ரத்தம்தான் சொல்லும் என்று அவர் மனைவி கத்தியும் பார்த்தாள், அழுதும் பார்த்தாள்.

ஒரு சாயங்காலம் நான் அங்கே இருந்தபோது, மகள் கண்ணை மூடாமலே உட்கார்ந்திருந்தாள். அவர் தரையில் குந்தி அவள் காலைப் பிடித்திருந்தார்.

"நானே போய்ப் பாத்துட்டேம்பா" என்றாள். "எனக்கும் இருக்கு. சீக்கிரமே பாத்ததால அடக்கிடலாம்னு சொன்னாங்க."

அவர் தலை நிமிரவில்லை. இழையை அவள் சுண்டுவிரலில் வைத்து அழுத்தி, "இது தெரியுதாம்மா?" என்று கேட்டார்.