கூண்டுக்குள் வந்த புடவைகள்

மால் வாசலில் பெண்களைச் சோதனை போடுகிறவளுக்கு முகம் ஒன்றும் நினைவில் நிற்காது, துணிதான் நிற்கும்.

அம்பத்தூர் பக்கத்து மால் ஒன்றில் பதினொரு வருஷமாக எனக்கு அதுதான் வேலை. வாசலை ஒட்டித் திரை போட்ட ஒரு கூண்டு இருக்கிறது. ஒரு ஆளும் நானும் நின்றால் அதற்குள் இடம் தீர்ந்துவிடும். ஒவ்வொருத்தியாக உள்ளே வருவார்கள். கையிலிருக்கும் மெட்டல் டிடெக்டரைத் தோளிலிருந்து கால்வரை ஓட்டி, பையைத் திறந்து பார்த்துவிட்டு, "சரி, போங்க" என்பேன். மதியம் ஒன்றரை மணிக்கு ஆரம்பித்தால் கடை அடைக்கும்வரை இதேதான். ஊரே வெளியே கிளம்பும் நேரத்தில் வேலையில் நிற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நர்ஸம்மாவோ, பஸ் கண்டக்டரோ, ஹோட்டலில் பரிமாறுகிறவரோ, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் என்று ஒன்று உண்டு, அது அடுத்தவர்களுக்கு உண்டு.

என் புருஷன் ஏழுமலைக்குப் பாடியில் லேத் வேலை. காலை ஷிஃப்ட், அதற்கு மேல் ராத்திரிவரை ஓவர்டைம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. எனக்குப் புதன்கிழமை லீவு. வேப்பம்பட்டு வீட்டில் அவர் சாப்பிட்ட தட்டை நான் கழுவுவேன், நான் சாப்பிட்டதை அவர் கழுவுவார். அப்படித்தான் எங்கள் குடித்தனம் ஓடியது. பீரோவில் மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட பட்டுப்புடவை ஒன்று இருக்கிறது. என் தம்பி கல்யாணத்துக்கு எடுத்தது. அதைக் கட்டிக்கொண்டு, அவரோடு, ஒரு சாயங்காலம் இதே வாசல் வழியாக நானும் வாடிக்கையாளராக உள்ளே போக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே வந்த ஆசை இது. தானாக வந்ததில்லை, கூண்டுக்குள் வந்தவர்கள் கொண்டுவந்து விட்டது.

பதினேழு பின்

அப்போதெல்லாம் ஒருத்தி எவ்வளவு அலங்காரம் செய்திருக்கிறாள் என்பதை டிடெக்டரே சொல்லிவிடும். தோளில் ஒரு பின், இடுப்பு மடிப்பில் மூன்று, தலை நிறைய ஸ்லைடு, காலில் கொலுசு. ஒவ்வொன்றுக்கும் அது கத்தும். வெளியே நிற்கும் புருஷன்மார்கள் உள்ளே என்னவோ நடக்கிறதென்று திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

காட்டுப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா படம் பார்க்க வந்திருந்தார். மயில் கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை, கை வைத்த இடமெல்லாம் சத்தம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேருமாக எண்ணினோம், பதினேழு பின். சினிமாவுக்கு வருவதற்கு இத்தனை எதற்கு என்று கேட்டேன். கொசுவத்தை ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "ரெண்டு பஸ் மாறி வரேம்மா. ஊட்ல கட்னது கட்னாப்லயே சீட்ல போய் உக்காரணும்ல."

பச்சை

கூண்டில் கண்ணாடி கிடையாது. அதனால் "எப்படி இருக்குக்கா?" என்ற கேள்வி என்னிடம்தான் வரும். மை கலைந்திருக்கிறதா, முந்தானை ஏறி இறங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வேன். சம்பளத்தில் சேராத வேலை. ஆனால் அதற்காகவே நாலு மணியிலிருந்து காத்திருப்பேன்.

பூந்தமல்லியிலிருந்து குடும்பத்தோடு சாப்பிட வந்த ஒரு பெண். புர்கா போட்டிருந்தாள். டிடெக்டர் நெஞ்சுப் பக்கம் விடாமல் கத்தியது. என்னம்மா உள்ளே என்று கேட்டதற்கு மேல் பட்டன் இரண்டைக் கழற்றிக் காட்டினாள். கரும்பச்சையில் ஜரிகைக் கம்பி வேலை, கழுத்தைச் சுற்றிக் கொடி கொடியாகப் போயிற்று. அவள் மாமாவே உட்கார்ந்து போட்டுக் கொடுத்ததாம், இருபது நாள் வேலையாம். என் வாய் சும்மா இருக்காது. இவ்வளவு அழகானதை மூடிக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டுவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "எனக்குத் தெரியுமில்லக்கா."

அன்று வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து மஞ்சள் புடவையை எடுத்து, மடிப்பு மாற்றி வைத்தேன். ஏழுமலை தூங்கிக்கொண்டிருந்தார்.

சீப்பு

கொரோனாவில் மால் மூடித் திறந்தது. திறந்த பிறகு வந்த கூட்டம் அதே கூட்டம்தான், ஆனால் என் டிடெக்டர் கத்துவதைக் குறைத்துக்கொண்டது. முதலில் பேட்டரி போய்விட்டது என்று நினைத்து மாற்றித்தரச் சொல்லிக் கேட்டேன். அப்புறம்தான் புரிந்தது, கத்துவதற்கு அவர்கள் உடம்பில் ஒன்றுமே இல்லை. தொளதொள டி-ஷர்ட், டிராக் பேண்ட், ரப்பர் செருப்பு. ஒருத்தி நைட்டிக்கு மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு நேராக வந்தாள், மளிகை வாங்க வந்த மாதிரி.

ஆண்கள் வரிசையில் நிற்கும் சேகர் பாடிக்காரர், என்னோடு சேர்ந்தவர். முன்னெல்லாம் ஒவ்வொருத்தன் பின் பாக்கெட்டிலும் சீப்பு, மடித்த கர்ச்சீப் என்று எடுத்துத் தட்டில் போட்டு அவருக்கு அலுத்துவிடும். ஒரு சனிக்கிழமை டீ குடிக்கும்போது ரொம்ப விசனப்பட்டார்: "எட்டு பாக்கெட்டு கீதுக்கா அந்த அரை டவுசர்ல. ஒண்ணுலகூட ஒரு சீப்பு இல்ல."

கழுத்துப் பட்டை

இதையெல்லாம் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஒளிக்க மாட்டேன். எனக்குக் கிடைக்காததைக் கிடைத்தவர்கள் வேண்டாம் என்கிறார்களே என்ற எரிச்சல். அந்த எரிச்சலை ஒரு பெண்ணிடம் கொட்டப்போய் மூக்குடைபட்டேன்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள், வாராவாரம் வருவாள். முன்பு சுடிதாரும் தோடுமாக வந்தவள், இப்போது அண்ணனுடைய சட்டையோ என்று தோன்றும்படி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். உரிமையோடு கேட்டேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு பொட்டாவது வைக்கக் கூடாதா என்று. கழுத்தைத் தடவிக் காட்டினாள். அடையாள அட்டைப் பட்டை அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. "காலைல எட்டு மணில இருந்து ஆபீசுக்காக நல்லா இருக்கேன்க்கா. சாயங்காலமாவது எப்படியோ இருந்துக்கிறேனே."

அவளுக்கு அலுத்துப்போன ஒன்றுக்காக நான் ஏங்கிக்கொண்டிருக்கிறேன், இதில் அவளுடைய குற்றம் என்ன.

ஒரு முழம்

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு அம்மாவும் மகளும். அம்மா திருநெல்வேலிப் பக்கம், பேச்சிலேயே தெரிந்தது. ஊதா நிறப் பட்டு, தலையில் ஒரு முழம் பிச்சிப்பூ. மகள் டி-ஷர்ட். திரைக்கு வெளியே நின்றே மகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பர்கர் சாப்பிட வருவதற்கு இந்தக் கோலம் எதற்கு, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று. அம்மா உள்ளே வந்து கையைத் தூக்கி நின்றார். நான் சோதித்து முடித்தும் நகரவில்லை. பிறகு ஸ்லைடைப் பிடுங்கினார், பூவை உருவினார், என் கையில் வைத்தார். "நீங்க வச்சுக்கிடுங்கம்மா. கீழ போட மனசு வரல."

யூனிஃபார்மில் பூ வைக்கக் கூடாது. பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அன்று முழுக்க என்மேல் அந்த வாசனை வந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒரு பயம் வந்தது. அந்த அம்மாவுக்கே இப்படி என்றால் என் மஞ்சள் புடவை இனி எந்தச் சாயங்காலத்துக்கு? இன்னும் தள்ளிப்போட்டால் கட்டவே முடியாமல் போய்விடும் என்று தோன்றியது.

மாற்றிக்கொண்ட லீவு

ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது எங்கள் வேலையில் கேட்கக் கூடாத வார்த்தை. நான் கேட்டிருக்கிறேன், வருஷத்துக்கு ஒரு தடவையாவது. பழைய சூப்பர்வைசர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். போன மாசம் புதிதாக வந்தவர், உங்களுக்குள் ஆள் மாற்றிக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

என்னோடு நிற்கும் ரோசி உடனே என் ஞாயிறைத் தான் பார்ப்பதாகச் சொன்னாள். எதற்கு லீவு என்று கேட்டாள், சொன்னேன். இங்கேயேவா என்றாள். இங்கேயேதான் என்றேன். மெரினா, மகாபலிபுரம் என்று வேறு இடங்கள் பேர் சொல்லிப் பார்த்தாள், நான் மசியவில்லை. கடைசியில் அவள் சொன்னது: "பதினோரு வருசம் ஜெயில்ல இருந்துட்டு, லீவுக்கும் ஜெயிலையே சுத்திப் பாக்க வரியாக்கா?"

ரிசப்ஷன்

ஏழுமலைக்கு ஒரு முழுக்கைச் சட்டை தேய்த்துக் கட்டில்மேல் வைத்திருந்தேன். அவர் ஏதோ சிமெண்ட் கம்பெனி விளம்பரம் போட்ட டி-ஷர்ட்டும் டிராக் பேண்டுமாக வந்து நின்றார். சட்டையைக் காட்டினேன். மாலுக்குத்தானே போகிறோம், யார் இன் பண்ணிக்கொண்டு போவார்கள் என்றார். மனசு சுருங்கிப்போயிற்று, சட்டையை எடுத்துப் பீரோவில் வைத்தேன். சண்டை போட்டால் ரயில் போய்விடும்.

வேப்பம்பட்டில் ரயில் ஏறினோம். எதிர் சீட்டில் இருந்த அம்மா என்னைக் கால்வரை பார்த்துவிட்டு, ரிசப்ஷன் ஆவடியிலா அம்பத்தூரிலா என்று விசாரித்தார். ரிசப்ஷன் எல்லாம் இல்லை, சும்மா வெளியே போகிறோம் என்றேன். அவர் ஏழுமலையைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். "சும்மா போறதுக்கா இவ்ளோ?"

லீவு

கூண்டில் ரோசி நின்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் கையைத் தூக்க, இன்னொருத்தி சோதித்தாள். எப்படி இருக்கு என்று எல்லாரும் என்னிடம் கேட்பதை நானும் அவளிடம் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. பின்னால் வரிசை நீளம், கேட்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினேன். ஏழுமலை ஒரு தூண் ஓரமாக நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ்த்தளத்தில் ஒரு புடவைக்கடை. திருவிழா சீசன் என்று நாலு பெண்களுக்குப் பட்டுக் கட்டிவிட்டு வாசலில் நிறுத்தியிருந்தார்கள். வருகிறவர்களுக்குச் சந்தனமும் கல்கண்டும் நோட்டீசும் கொடுக்கிறவர்கள். நான் அவர்களைத் தாண்டிப் பத்தடி போயிருப்பேன். அரை டவுசர் போட்ட ஒருவர், தோளில் குழந்தை, என்னிடம் வந்து சாப்பாட்டுக் கடைகள் எந்த மாடி என்று கேட்டார். "லிஃப்ட்ல மூணாவது மாடி சார், இடது பக்கம்" என்று பழக்கத்தில் கையையும் நீட்டிவிட்டேன். சிரித்துக்கொண்டேன். அடுத்து ஒரு வயசான அம்மா வந்து, சந்தனம் தீர்ந்துவிட்டதா என்றார். அதற்கும் சிரித்தேன். மூன்றாவதாக ஒரு பெண் பார்க்கிங் சீட்டை நீட்டி, முத்திரை குத்தித் தரச் சொன்னாள்.

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். அந்தத் தளத்தில் உடுத்திக்கொண்டு நிற்கிற ஒவ்வொருத்தியும் சம்பளத்துக்கு நிற்கிறவள். நகைக்கடை, புடவைக்கடை, வாசனைத் திரவியக் கடை, எல்லா வாசலிலும் அப்படித்தான். காசு கொடுக்க வந்தவர்கள் எல்லாம் வீட்டு உடுப்பில். டி-ஷர்ட்டில் இருக்கும் என் புருஷன் வாடிக்கையாளர், பட்டில் இருக்கும் நான் வேலைக்காரி. யார் பார்த்தாலும் அப்படித்தானே தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்தால் பட்டில் கறை நிற்கும் என்று கையாலேயே துடைத்துக்கொண்டேன்.

ஏழுமலை எப்போது செல்போனைப் பாக்கெட்டில் போட்டார் என்று தெரியாது. நாலாவதாக ஒருவர் வந்து, மேடம், இந்தத் தள்ளுபடி இன்றைக்கு மட்டும்தானா என்று என்னைக் கேட்கும்போது பக்கத்தில் வந்து நின்றிருந்தார். நான் கடைப் பக்கம் கையைத் தூக்கப் போனேன். ஏழுமலை அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை அவள், இவள் என்றே பேசிய மனுஷன், கேட்டவரிடம் சொன்னார்: "அவங்களுக்கு இன்னிக்கி லீவு சார். என்கூட வந்துகீறாங்க."

பதினொரு வருஷம் யூனிஃபார்மில் நின்று காத்திருந்து ஒருவழியாகப் பட்டுக் கட்டிக்கொண்டு போனால், அதற்குள் பட்டே யூனிஃபார்ம் ஆகிவிட்டிருக்கிறது, என்ன செய்ய.