ஒரு ரன் அவுட்டின் சத்தம்

ஸ்டம்ப் இரும்பு ஸ்டாண்டோடு சாயும் அந்த 'டங்'... இன்னும் காதிலேயே நிற்கிறது.

வற்றிய குளத்துக்குள்தான் எங்கள் கிரவுண்ட். கரிசல் காய்ந்துவிட்டால் ஸ்டம்ப் இறங்காது. அதனால் வெல்டிங் பட்டறையில் சொல்லி ஸ்டாண்ட் அடித்து வைத்திருந்தோம்.

அப்போது பேட்டிங் டீம் ஆள்தான் அம்பயர் நிற்க வேண்டும். சொந்த டீம்காரனுக்கு அவுட் கொடுக்கிற பைத்தியக்காரன் சங்கரன்கோவிலில் கிடையாது.

அப்படிப்பட்ட ஊரில் எனக்கு அவுட் கொடுத்தான், என் கூட்டாளி நாயகம்.

புளியங்குடி டீமோடு ஃபைனல். ஜெயிக்க நாலே ரன். நாயகம் நின்ற பக்கம் ஓடி வந்து பேட்டைக் கோட்டுக்குள் வைத்துவிட்டேன்... அவனோ விரலைத் தூக்கி "அவுட்" என்று கத்திவிட்டான்.

அடுத்து இறங்கியது அவன் தம்பி மாரி. முதல் பந்தே ஃபோர். எனக்கு வரவேண்டிய மாலை அவன் கழுத்தில் விழுந்தது. வயிறு எரிந்தது எனக்கு.

"நீ கோட்டுக்கு வெளிய நின்னலே" என்றான் நாயகம்.

கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோக்காரரை மேட்ச் எடுக்கக் கூப்பிட்டிருந்தோம். கடையில் கேசட்டைச் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தால்... சரியாக அந்தப் பந்துக்குத்தான் சீஃப் கெஸ்ட் வந்து இறங்கியிருக்கிறார். கேமரா அவர் பக்கம் திரும்பிவிட்டது. பொன்னாடை போர்த்துகிறார்கள், அவர் கும்பிடுகிறார். ரன் அவுட் மட்டும் இல்லை. அதுவும் நாயகம் ஏற்பாடோ என்றுகூட நினைத்தேன்.

இப்போதும் அவன் என் வீட்டில்தான் மேட்ச் பார்ப்பான். தேர்ட் அம்பயரிடம் போனால் போதும், ரீப்ளே வருவதற்குள் "அவுட்டுலே" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவான். ஒவ்வொரு தடவையும் எனக்குள் அந்தப் பழைய சந்தேகம் எட்டிப் பார்க்கும்.

போன வாரம் ஸ்டுடியோக்காரர் மகன் அந்தக் கேசட்டை மொபைலுக்கு மாற்றி அனுப்பினான். ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். படத்தில் அதே பொன்னாடை. பின்னால் நாயகம் குரல்... "அவுட்."

அப்புறம்தான் 'டங்'.

நேற்று மேட்ச் நடுவே அவன் காதில் மாட்டிவிட்டேன்.

"இன்னொரு தடவ போடு" என்றான். போட்டேன்.

"பழைய கேசட்டுல்லா... சத்தம் முன்னப்பின்னதான் வரும்."

"ரெண்டு சத்தமும் ஒரே கேசட்டுதானலே."

ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

அன்றைக்கு விரல் தூக்கினால் அதோடு சரி. எவ்வளவு எரிச்சல் இருந்தாலும் சாயங்காலம் அவன் சைக்கிளில்தான் ஏறி உட்காருவேன். இப்போது எதையும் நிறுத்தி, திருப்பி, பெரிதாக்கிப் பார்க்கலாம்... கேட்காமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

டிவியில் ஒரு ரன் அவுட். தேர்ட் அம்பயரைக் கேட்டார்கள். நான் நாயகம் முகத்தைப் பார்த்தேன்.

ரீப்ளே முடிகிற வரை அவன் வாயைத் திறக்கவே இல்லை.