ஸ்டாண்டிங் ஃப்ரேமில் காய்ந்த துணி

முப்பது வருட பிசியோதெரபி வேலையில் என் பிரஷரை அதிகம் ஏற்றிய வீடு மார்க்கையன்கோட்டையில் இருந்தது. வாரம் ஒரு நாள் தேனியிலிருந்து பஸ் மாறி அங்கே போவேன்.

அந்த வீட்டுப் பிள்ளை தர்ஷினிக்கு எட்டு வயது. ரெட் சிண்ட்ரோம் என்ற அபூர்வமான மூளை வளர்ச்சிக் குறைபாடு. ஒன்றரை வயதில் இரண்டொரு வார்த்தை பேசிக்கொண்டிருந்தவளுக்குப் பேச்சு போய்விட்டது. கைகள் எந்நேரமும் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருக்கும். காலில் மட்டும் கொஞ்சம் பலம் மிச்சம். காலில் ஸ்பிளின்ட் என்ற பிளாஸ்டிக் பட்டையை மாட்டி, தினமும் அரை மணி நேரம் ஸ்டாண்டிங் ஃப்ரேம் என்ற நிற்கும் சட்டத்தில் பெல்ட் போட்டு நிறுத்தினால் அதைக் காப்பாற்றலாம். விட்டால் கெண்டைக்கால் தசை இறுகி, பாதம் தரையில் படியாமல் போய்விடும். இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

அடுத்த வாரம் போனால் ஃப்ரேமில் பாவாடை காய்கிறது. அதற்கடுத்த வாரம் வாழைத்தார் தொங்குகிறது.

"ஏம்மா, இது என்ன கொடிக்கம்பியா?" என்று கத்தினேன்.

"நிக்க வச்சா அழுகுறா மேடம். பெத்த மனசு கேக்க மாட்டேங்குது" என்றாள் அம்மா முத்துலட்சுமி.

தோட்டத்திலிருந்து வந்த அப்பா, "மொதல்ல பிள்ள ஒடம்பு தேறட்டும் மேடம், பெறகு நிப்பாட்டிக்கிருவோம்" என்றார். நின்றால்தானய்யா தேறும்! தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

நான் சொன்னதில் ஒன்றை மட்டும் முத்துலட்சுமி ஒழுங்காகச் செய்தாள். பால் தம்ளரையும் பழத்தையும் இரண்டு பக்கமும் காட்டி, பிள்ளையின் கண் எதன் மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்; அதுதான் அவள் கேட்பது. பதில் வர நேரமாகும். மனசுக்குள் இருபது எண்ண வேண்டும்.

இன்னொரு வாரம் ஃப்ரேமில் கிடந்த துணியை நானே எடுத்து எறிந்தேன். காலில் ஸ்பிளின்ட் மாட்டிப் பிள்ளையை நிறுத்தினேன். ஐந்தே நிமிடத்தில் அழுகை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், அவ கீழயே பாக்குறா."

"கழுத்து நிக்கலம்மா. அதான்."

"இல்ல மேடம். நீங்க சொன்னீகல்ல, இருபது எண்ணிட்டேன். எடது காலயும் உங்களையும் மாத்தி மாத்திப் பாக்குறா."

ஸ்பிளின்ட்டைக் கழற்றினேன். உள்பக்கம் ஒரு ரிவெட் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. கணுக்காலில் தோல் உரிந்திருந்தது. அளவெடுத்ததும் மாட்டிச் சரிபார்த்ததும் நான்தான்.

"ஏம்மா, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"போன மாசமே செவப்பாருக்குன்னு காட்டுனேன் மேடம். பெல்ட் தடம், பழகிரும்னு சொன்னீக. அதான் மாட்டுறதையே விட்டுட்டேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஸ்பிளின்ட்டைத் தேனிக்கு எடுத்துப்போய் ரிவெட்டைத் தட்டவைத்து, உள்ளே ஃபோம் ஒட்டிக்கொண்டு வந்தேன். புண் ஆறிய பிறகு தர்ஷினி முதலில் பத்து நிமிடம் நின்றாள். கொஞ்ச நாளில் அரை மணி. துணிக்கு முத்துலட்சுமி வேறு கொடி கட்டினாள்.

புதிதாக வேலைக்கு வரும் பிசியோக்களே, வீட்டுக்காரர்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று கத்தும் முன் நீங்களும் இருபது எண்ணுங்கள். என்னையும் தன் காலையும் அந்தப் பிள்ளை அன்று மாறி மாறிப் பார்த்திருக்கிறாள். நான் ஒரு முறைகூட எண்ணவில்லை.