ஐப்பசியில் கப்பல் எங்கே போகும்?

இளையபெருமாளின் கை சும்மா இருந்தாலும் இருக்கும், வாய் சும்மா இருக்காது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிற பயணிகள் கப்பலில் அவனுக்குச் சமையல்கட்டு வேலை. நீடாமங்கலத்துக்குத் தெற்கே இரண்டு மைலில் இருந்த அவன் ஊரில், அதுவும் கீழத்தெருவில், கடலைப் பார்த்தவர்களே நாலைந்து பேர்தான். கடலைத் தாண்டியவன் அவன் ஒருவன். ஆகவே அவன் சொன்னதுதான் கடல், அவன் சொன்னதுதான் கப்பல். சரிபார்க்க ஆள் கிடையாது.

கப்பலில் அவனைச் சேர்த்துவிட்டவர் மீரா உசேன். கப்பல் சமையலுக்கு அவர்தான் தலைவர். நாகைக் கடற்கரையில் படகுக்கு மூட்டை சுமந்துகொண்டிருந்த இருபத்திரண்டு வயது இளையபெருமாளைக் கூப்பிட்டு, "தம்பி, வெங்காயம் உரிக்கத் தெரியுமா?" என்று கேட்டாராம்.

"எங்க வீட்டுல வெங்காயம் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும் பாய்" என்றானாம் இவன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அன்றைக்கே ஏற்றிக்கொண்டார். ஆறு வருஷத்தில் சாம்பார் அண்டாவுக்கு முழுப் பொறுப்பும் அவனிடம் வந்துவிட்டது.

வருஷத்தில் ஒன்பது மாதம்தான் அந்த வேலை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் நாகைக் கடல் யாருக்கும் அடங்காது. கப்பல் தள்ளி நிற்கும். கரையிலிருந்து படகில் ஆளை ஏற்றிப் போய் விடவேண்டும். அந்த அலையில் எந்தப் படகுக்காரனும் இறங்கமாட்டான். கப்பலை எங்கேயோ கொண்டுபோய்க் கட்டிவைத்து, துருவைச் சுரண்டி, வர்ணம் அடிப்பார்கள். இளையபெருமாள் ஊருக்கு வந்துவிடுவான். ஊரெல்லாம் சம்பா நடவில் முதுகு ஒடிந்துகொண்டிருக்கும்போது, இவன் பினாங்குக் கைலியைக் கட்டிக்கொண்டு வரப்பில் உலாவுவான். நாற்றுமுடி சுமக்கக் கூப்பிட்டால் இடுப்பைப் பிடித்துக்கொள்வான். கடலில் ஆடி ஆடி இடுப்பு விட்டுப்போச்சு என்பான். அவன் மனைவி செவ்வந்தி நடவிலிருந்து திரும்பிவந்து, சேற்றுக் காலோடு இவனுக்கும் சேர்த்துச் சோறு பொங்குவாள். அதைப் பற்றி அவன் டீக்கடையில் பேசியதில்லை.

பேசாத விஷயம் இன்னொன்றும் இருந்தது. அவனுக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, அவன் அப்பா கூலி நெல்லில் அரை மரக்கால் கூடக் கேட்டார் என்பதற்காக, பண்ணையிலிருந்து ஆட்கள் வந்து குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். மண் மிராசுதாருடையது, அதன்மேல் நின்ற கூரைக்கு என்ன மரியாதை? பதினோரு நாள் வாய்க்கால் கரையில் கிடந்தார்கள். கடைசியில் அப்பா போய்க் காலில் விழுந்த பிறகுதான் அதே இடத்தில் மறுபடி கூரை ஏறியது. 

எழுபத்தொன்றில் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளி குடியிருக்கிற மனை அவனுக்கே சொந்தம். யாரும் கிளப்ப முடியாது. கீழத்தெருவில் இருபத்துமூன்று வீடு. செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் ஒரே நாளில் உட்கார்ந்து இருபத்துமூன்று மனுவையும் எழுதினார்கள். ஒவ்வொன்றிலும் வீட்டு ஆம்பளையின் பெயர். வேறு மாதிரி எழுதலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, செவ்வந்திக்கும்கூட.

அதே சமயத்தில்தான் கம்பெனி புதுக் கப்பல் வாங்கிய செய்தியும் வந்தது. பழையதைப் போல இரண்டு பங்கு பெரிசு. "இம்மாம் பெரிய கப்பல மூணு மாசம் சும்மா கட்டிப்போட்டா கம்பெனிக்குக் கட்டுமா தம்பி? மழை மாசத்துல வேற எங்கியாச்சும் ஓட்டத்தான் பாப்பாங்க" என்றார் மீரா உசேன். எங்கே என்று அவருக்கும் தெரியாது.

தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத இளையபெருமாளுக்கு அது போதாதா? நீடாமங்கலம் ஸ்டேஷன் பக்கத்தில் காதர் மைதீன் டீக்கடையில் உட்கார்ந்து, அந்தப் பெரிய கப்பலை ஊர் ஊராக விட ஆரம்பித்தான். காதர் மைதீனுக்கு ஹஜ்ஜுக்குப் போகவேண்டும் என்று வெகுநாள் ஆசை. பம்பாய்க்கு ரயிலேறிப் போய்க் கப்பல் பிடிக்கவேண்டியிருக்கிறதே என்று குறைப்படுவார். அவரிடம், "ஜித்தாவுக்குத்தான் பாய் விடப்போறாங்க, பேசி முடிச்சாச்சு" என்றான். அன்றைய டீக்குக் காசு வாங்கவில்லை அவர். அந்தமான் சிறையைப் பார்க்க ஆசைப்பட்ட பள்ளிக்கூட வாத்தியார் வந்தபோது கப்பல் அந்தமானுக்குத் திரும்பியது. சங்கத்துக்காரர்கள் வந்த நாளில் யோசிக்கவே இல்லை, நேராக ருஷ்யாவுக்கு விட்டான். கேட்டவர் மனம் எங்கே இருந்ததோ அங்கே கப்பல் போயிற்று. யாரையும் வெறுங்கையோடு அனுப்பும் குணம் அவனுக்கு இல்லை.

"எங்க போனாலும் சரி, நான் இல்லாம போவாது. மழை மாசத்துல ஊருல வந்து குந்திக் கெடக்கற பொழப்பே இனிமே நமக்குக் கெடயாது" என்று ஒருநாள் முடித்தான்.

கடை வாசல் பெஞ்சில் ரயிலுக்காகக் காத்து, கோலி சோடா குடித்துக்கொண்டிருந்தார் பஞ்சநதம். மிராசுதார் கும்பகோணத்தில் இருந்தார்; அவருடைய நிலபுலன்களை ஊரோடு இருந்து பார்த்துக்கொண்ட காரியஸ்தர் இவர். சோடாவைக் குடித்து முடித்தார், ஏப்பம் விட்டார், ரயிலேறிப் போய்விட்டார்.

புரட்டாசி முதல் வாரம் தாசில்தார் கீழத்தெருவுக்கு விசாரணைக்கு வந்தார். பூவரச மரத்தடியில் மேஜை போட்டார்கள். இளையபெருமாள் நாலு நாள் லீவில் வந்திருந்தான். கைலியைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு நின்றான். மதியத்துக்குள் இருபத்திரண்டு வீடு முடிந்தது. பஞ்சநதம் ஒவ்வொன்றுக்கும் முனகினாரே தவிர, எதையும் தடுக்க முடியவில்லை. இருபத்துமூன்றாவது பெயரை வாசித்ததும் எழுந்து நின்றார்.

"இவன் விவசாயத் தொழிலாளி இல்லீங்க. கப்பல்காரன். கம்பெனிச் சம்பளம் வாங்கறான். சட்டம் இவனுக்கு இல்ல."

"வருசத்துல மூணு மாசம் கப்பல் ஓடாதுங்க. அப்ப நான் இங்கதாங்க வயல் வேலை பாக்கறேன்" என்றான் இளையபெருமாள். பின்னால் இரண்டு பேர் இருமினார்கள்.

பஞ்சநதம் சிரித்தார். "அந்த மூணு மாசமும் இனிமே இல்லைன்னு டீக்கடையில நீதானப்பா சொன்ன? புதுக் கப்பல் மழை மாசத்துலயும் ஓடுமாம். நீ இல்லாம போவாதாம். ஐயாகிட்ட சொல்லு, இந்த ஐப்பசியில கப்பல் எங்க போவுது?"

தாசில்தாருக்கே ஆவல் வந்துவிட்டது. பேனாவை மேஜையில் வைத்தார். "எங்கப்பா போவுது?"

இளையபெருமாள் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் முந்திக்கொண்டது. "ஜித்தாவுக்குங்க!" என்றது ஒரு குரல். "அந்தமானுக்கு!" என்றது இன்னொன்று. சங்கத்துக்காரர் ஒருவர் நிமிர்ந்து, "ருஷ்யாவுக்கு" என்றார். பாவம், உதவி செய்வதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

"ஒரே கப்பலா?" என்றார் தாசில்தார். மரத்தடி முழுக்கச் சிரித்தது.

இளையபெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. ஓலைக் கூரையும் மண்சுவருமாக வீடு எதிரிலேயே தெரிந்தது. தன் வாயால் தானே அதை இரண்டாம் தடவை பிரித்துப் போடுகிறோம் என்று அவனுக்குப் புரிந்தது. பிறகு, ஊரார் அத்தனை பேர் முன்னாலும், அதுவரை சொல்லாததைச் சொன்னான்.

"எனக்குத் தெரியாதுங்க. எல்லாம் நானா கட்டிவிட்டதுங்க. கப்பல் எங்க போவும்னு கம்பெனி எனக்குச் சொல்லாதுங்க. நான் சாம்பார் கிண்டறவன்."

காதர் மைதீன் அங்கே இல்லாததற்கு மட்டும் அவன் கடவுளுக்கு நன்றி சொன்னான். தாசில்தார் கெட்ட மனிதர் இல்லை. இருந்தாலும் தலையை ஆட்டினார். "நிஜத்தைச் சொன்னது நல்லதுதான். ஆனா ஒம்பது மாசம் நீ கப்பல் வேலைதானே பாக்கற? நான் என்னப்பா பண்ண முடியும்?" பேனாவை எடுத்தார்.

"செத்த இருங்கய்யா."

செவ்வந்தி வயலிலிருந்து நேராக வந்திருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். முழங்கால் வரை சேறு. கஞ்சி குடிக்கக் கரையேறிய நடவுப் பெண்கள் நாற்பது பேரும் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"அந்த மனு யாரு பேருலய்யா இருக்கு?"

"உன் புருஷன் பேருலதாம்மா."

"அவரு பேருல ஏன் எழுதுனாங்க?" என்று சங்கத்துக்காரர் பக்கம் திரும்பினாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். மறுபடி தாசில்தாரிடம், "கப்பலு ஜித்தாவுக்குப் போவட்டும், எந்தச் சீமைக்கு வேணா போவட்டும். நான் எங்கய்யா போனேன்? கல்யாணம் கட்டி வந்து எட்டு வருசம். நடவும் இங்கதான், களையெடுப்பும் இங்கதான், அறுப்பும் இங்கதான். இந்த வீட்ட வருசா வருசம் மெழுவறதும் நாந்தான்."

"அதுக்கு அத்தாட்சி வேணுமேம்மா" என்றார் தாசில்தார்.

"இவங்களையே கேளுங்க" என்று பஞ்சநதத்தைக் காட்டினாள். "இன்னிக்கு விடியக்காலையில வாசல்ல நின்னு, 'செவ்வந்தி, இன்னுமா தூங்கற, ஆளுங்கள இட்டுக்கிட்டு வா'ன்னு கூப்புட்டது நீங்கதானே? இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. பறிச்ச நாத்து அத்தனையும் வரப்புல கெடக்கு. நாங்க இப்படியே வீட்டுக்குப் போறோம்."

நாற்பது பெண்களும் முந்தானையை உதறினார்கள். பஞ்சநதம் வயலைப் பார்த்தார். பாதி வயல் பச்சை. மீதிப் பாதி வெறும் சேறு. வெயிலில் கிடக்கிற நாற்று நாளைக்கு ஆகாது. கும்பகோணத்துக்கு என்ன பதில் சொல்வது?

"வயல்ல வேலை பாக்கறாங்களா, இல்லையா?" என்றார் தாசில்தார்.

"பாக்கறா" என்றார் பஞ்சநதம், பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி.

"எத்தனை வருஷமா?"

"அவதான் சொல்றாளே, எட்டு வருஷமா."

"எங்கேருந்து வராங்க?"

பஞ்சநதத்துக்கு வேறு வழியில்லை. கையை மட்டும் நீட்டி, அந்த ஓலை வீட்டைக் காட்டினார்.

தாசில்தார் இளையபெருமாள் பெயரை ஒரே கோடாக அடித்தார். மேலே செவ்வந்தி என்று எழுதினார். "கையைக் கழுவிட்டு வந்து ரேகை வையம்மா" என்றார். அவள் வாய்க்காலுக்குப் போய்வருவதற்குள் மற்றப் பெண்கள் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். "எங்க வீட்டையும் அப்படி எங்க பேருல எழுதுங்கய்யா" என்றாள் ஒருத்தி. அவள் புருஷன் கூட்டத்தின் பின்பக்கம் நகர்ந்தான். தாசில்தார் அவசர அவசரமாக ரேகையை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

அன்றைக்குச் சாயங்காலம் இளையபெருமாள் அடுப்படியில் உட்கார்ந்து தானே சாம்பார் வைத்தான். ஊரில் அவன் அடுப்பைத் தொட்டது அதுவே முதல் தடவை. செவ்வந்தி ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள்.

"உப்பு கம்மி."

"கப்பல்ல இதத்தான் ஆயிரம் பேரு சாப்புடறான்."

"அவங்களுக்குப் போக்கிடமில்ல, நடுக்கடலு. இந்தாய்யா, உப்பு எடு" என்றாள். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். இடையில் அவனுக்குக் கண் கலங்கியது. அந்தப் பதினோரு நாளைப் பற்றி அன்றைக்குத்தான் அவன் அவளிடம் முதல்முறையாகச் சொன்னான்.

அடுத்த பயணத்தில் கப்பல் ரகசியம் உடைந்தது. மழைக் காலத்தில் சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஓட்டுவதாகக் கம்பெனி முடிவு செய்திருந்தது. கூட வர இஷ்டமுள்ளவர்கள் விண்ணப்ப ஃபாரம் பூர்த்தி செய்து தரவேண்டும். வாத்தியாருக்கு அடித்தது யோகம் என்று இளையபெருமாள் நினைத்துக்கொண்டான். காதர் மைதீனுக்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஃபாரத்தில் நிரந்தர விலாசம் என்று ஓர் இடம். ஆறு வருஷமாக அந்த இடத்தில் மீரா உசேனின் நாகப்பட்டினத்து விலாசத்தைத்தான் போட்டுவந்தான். சொந்த ஊரில் குடிசை எத்தனை நாளைக்கு நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? இந்தத் தடவை பேனாவை வாங்கி, நிறுத்தி நிதானமாக அவனே எழுதினான்.

மீரா உசேன் கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார். "'செவ்வந்தி வீடு, கீழத்தெரு.' என்ன தம்பி, உன் பேரையே காணோம்? தபால்காரருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் பாய்" என்றான் இளையபெருமாள். "நான் எங்க இருப்பேன்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த வீடு அங்கயேதான் இருக்கும்."