ஃபைட்டர் மீனுக்கு ஒரு குண்டு பல்பு

எங்கள் வீட்டில் உயிர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் வழக்கம் கிடையாது. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? கோழி என்றால் அது ஒரு பேட்ச், அவ்வளவுதான். காலையில் ஷெட்டுக்குள் போனால் கூண்டில் சில கோழிகள் சாய்ந்து கிடக்கும். அப்பா காலைப் பிடித்துத் தூக்கிக் குழியில் போடுவார். "போனாப் போகுது, அடுத்த பேட்ச்சுல பாத்துக்கலாம்" என்பார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு இட்லி சாப்பிட உட்காருவார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு சாயங்காலம், கட்டைவிரல் நீளத்தில் ஒரே ஒரு மீனைத் தண்ணீர்க் கவரில் போட்டு, ஒரு கையால் நெஞ்சோடு அணைத்தபடி நாமக்கல்லிலிருந்து பைக் ஓட்டிக்கொண்டு வந்தார்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. அம்மா சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். எனக்கு ஒரு தம்பி, வர வேண்டிய நாளுக்கு வெகு முன்னாலேயே அவசரப்பட்டுப் பிறந்திருந்தான். அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், எடை ஏறினால்தான் வெளியே எடுப்பார்கள், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று அத்தை சொன்னார். அப்பாவின் அக்காவான அவர்தான் என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார். எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் தெரியவில்லை. பண்ணைக்கு வந்து இறங்கும் குஞ்சுகளையும் நாங்கள் பல்புக்குக் கீழேதான் வைப்போம். கொஞ்சம் தேறியதும் வெளியே விடுவோம். இதற்குப் போய்ப் பெரியவர்கள் ஏன் பேயறைந்ததுபோல அலைகிறார்கள் என்றுதான் தோன்றியது.

ஆனால் அம்மா இல்லாத வீட்டில் எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் ஷெட்டுக்குமாக நடந்தேன். ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடினேன். அம்மா எப்போது வருவாள் என்று அத்தையைத் துளைத்தெடுத்தேன்.

"இவளுக்கு எதையாச்சும் வாங்கிக் குடுடா. என்ற உசுர எடுக்கறா" என்று அத்தை அப்பாவிடம் முறையிட்டார். அந்த முறையீட்டின் பலன்தான் மீன்.

நீல உடம்பு, வாலில் மட்டும் சிவப்பு. ஃபைட்டர் என்று பெயராம். இன்னொன்றோடு சேர்த்து விட்டால் கடித்துக்கொள்ளும், தனியாகத்தான் வைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதை அப்பா அப்படியே ஒப்பித்தார். தொட்டிக்குக் காற்று மோட்டார்கூட வேண்டியதில்லை. "மேல வந்து தானா மூச்சு வாங்கிக்குதாமா" என்றார். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கண்ணாடித் தொட்டியை வைத்தோம். கூழாங்கற்களைக் கழுவிப் பரப்பியது நான். தண்ணீரில் கை வைக்கும் முன் அப்பா முழங்கை வரை சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, நெடுநேரம் கழுவினார். மீனைத் தொடுவதற்கு யாராவது இப்படிக் குளிப்பார்களா என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னையும் அப்படியே கழுவிவிட்டு வரச் சொன்னார்.

அதோடு விட்டாரா? குஞ்சு ஷெட்டிலிருந்து குண்டு பல்பு ஒன்றைக் கழற்றி வந்து தொட்டிக்கு மேலே தொங்கவிட்டார். வெப்பமானியைக் கொண்டுவந்து ஓரத்தில் சாய்த்தார். காற்று அடிக்காமலிருக்க மூன்று பக்கமும் சாக்குப் படுதா கட்டினார். அத்தை சமையலறை வாசலில் நின்று பார்த்தார்.

"ஏண்டா, மீன வளக்கப் போறயா, வேக வெக்கப் போறயா?"

"சூடு கொறையக் கூடாதுக்கா" என்றார் அப்பா.

நான் மீனுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றேன். "பேரெல்லாம் இப்ப வேண்டாஞ் சாமி. மொதல்ல பொளைக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். கண்ணாடியில் விரலால் தட்டிக் கூப்பிட்டேன். அதற்கும் தடை. "தட்டாத கண்ணு. தள்ளி நின்னு பாரு. அப்பாவும் தள்ளி நின்னுதான பாக்கறேன்."

உண்மைதான், அவரும் தள்ளி நின்றுதான் பார்த்தார். உட்காரவே மாட்டார். அத்தை போட்டு வைத்த சோறு ஆறிப்போகும். அவர் வெப்பமானியைப் பார்ப்பார், பல்பைக் கொஞ்சம் இறக்குவார், திரும்ப ஏற்றுவார். போன் அடித்தால் எடுத்துக்கொண்டு நேராகத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். அந்தப் பக்கம் யார் என்ன சொன்னாலும் இவர் கண் மட்டும் மீன்மேலேயே இருக்கும். என் மீன்மேல் அப்பாவுக்கு இவ்வளவு பாசம் என்று எனக்கு ஒரே பெருமை. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

வினை அந்தப் பாசத்தில்தான் வந்தது. பண்ணையில் மருந்து கலக்காத தண்ணீரைக் குஞ்சுக்கு வைக்க மாட்டோம். ஒரு நாள் காலையில் சேலத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், கிருமி எதுவும் அண்டக்கூடாது என்று, பண்ணைத் தொட்டிக்குப் போடும் குளோரின் மாத்திரையில் ஒரு துண்டை உடைத்து மீன் தொட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மீன் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் விட்டு விட்டு அசைந்தது.

அலறினேன். அந்த நேரம் பார்த்து அப்பாவும் வந்து சேர்ந்தார். தம்பிக்குக் காலையிலிருந்து மூச்சு சரியில்லை, இரண்டு தடவை நின்று நின்று வந்தது என்று வாசலிலேயே அத்தையிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தவர், என் சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்தார். தொட்டியைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் மருந்து போட்டேன். நல்லதுக்குன்னு போட்டேன்" என்றார்.

அப்பா தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை நின்றுபோனது. பெரிய மனுஷியாக அவரைத் தேற்ற வேண்டும்போல் இருந்தது. எனக்குத் தெரிந்த ஆறுதல் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அவரிடமிருந்து கற்றது. தோளில் தட்டிச் சொன்னேன்.

"உடுங்கப்பா. போனாப் போகுது. அடுத்த பேட்ச்சுல பாத்துக்கலாம்."

அத்தை பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். அப்பா என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அப்படிச் சொல்லாத சாமி" என்றார். கெஞ்சுவதுபோல் இருந்தது.

அடுத்த நிமிடம் தூக்குப்போசியில் நல்ல தண்ணீரும் மீனும். பின்னால் நான். நாமக்கல்வரை பைக் பறந்தது. ஒவ்வொரு மேட்டிலும் "அசையுதா, அசையுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைக்காரர், முந்தின நாளே பிடித்து வைத்திருந்த தண்ணீருக்கு மீனை மாற்றி, மருந்துபோலக் காய்ந்த வாதாம் இலை ஒன்றை மேலே மிதக்கவிட்டார்.

"இனி ஒண்ணும் பண்ணாதீங்க. பேசாம இருங்க" என்றார்.

அதுதான் அப்பாவால் முடியாத காரியம். கடைக்குள்ளேயே நடந்தார். கடைசியில் மீன் மெதுவாக நிமிர்ந்து, மேலே வந்து, வாயைத் திறந்து ஒரு மூச்சு வாங்கிவிட்டு இறங்கியது. அப்பா அம்மாவுக்குப் போன் செய்தார். "பொளச்சுக்குச்சு. மூச்சு வாங்கீருச்சு" என்று சொன்னவர், கடை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதற்குப்பின் பள்ளிக்கூடத்து வாதாம் மரத்தடியில் ஒரு இலை விடாமல் பொறுக்கி வந்தேன். தொட்டித் தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறியது. மீன் சௌக்கியமாக இருந்தது. அப்பா தினமும் வந்து பார்த்தார்.

பிறகு ஒரு நாள் கார் வந்து நின்றது. அம்மா இறங்கினாள். துண்டுக்குள் சுற்றிய ஒரு சின்ன முகத்தை ஏந்திக்கொண்டு அப்பா இறங்கினார். அவர் பார்ப்பார் என்று காலையிலேயே தொட்டிக் கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தேன். அவர் அதைத் தாண்டி நேராக உள்ளே போனார்.

அந்த வாரம் குண்டு பல்பு ஃபியூஸ் ஆனது. ஓடிப்போய்ச் சொன்னேன். தம்பியின் விரலைத் தன் விரலில் மாட்டிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தவர், தலையைக்கூடத் தூக்காமல், "அது பொளச்சுக்கும் சாமி" என்றார்.

நேற்றுவரை அதற்காகச் சோறு தண்ணீர் இல்லாமல் நின்றவர், கடைவீதியில் அழுதவர், இப்படியா ஒரேயடியாக மறப்பார்? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த மீனுக்காக அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவேயில்லை.