சிவப்புப் பிடி போட்ட கத்தி

எனக்குப் பத்து வயது முடிந்த அன்றுதான் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். அதற்கு முந்தைய ஒன்பதுக்கும் ஒரு புதுப் பாவாடையும் திருவந்திபுரத்தில் ஓர் அர்ச்சனையும்தான். அந்த வருடம் மட்டும் கேக், பலூன், வாசலில் சீரியல் விளக்கு என்று மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவே திரும்பிப் பார்த்தது. அப்பாவுக்குத் திடீரென்று என்மேல் பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாட்கள் கால் தரையில் பாவாமல் திரிந்தேன்.

பாசமெல்லாம் இல்லை. அத்தையைப் பெண் பார்த்துவிட்டுப் போன சிதம்பரத்துக்காரர்களை மறுபடியும் வீட்டுக்கு வரவழைக்க அப்பாவுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அந்தச் சாக்கு நான்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. தாயும் தகப்பனும் போனபிறகு அப்பாதான் அவளைப் படிக்க வைத்தார். நெல்லிக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் காலையில் டிபன் டப்பாவோடு டவுன் பஸ் பிடித்து ஓடுவாள். வயது இருபத்தொன்பது. மாப்பிள்ளைக்குச் சிதம்பரத்தில் உரக்கடை. பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொன்னார்கள். அதைச் சொன்ன வேகத்தில் சம்மதத்தையும் சொல்லியிருக்கலாம். அதை மட்டும் யோசித்துச் சொல்வதாகப் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது.

"எனக்கு வாணாம்ண்ணே. நான் வேலைய உடமாட்டேன்" என்று அத்தை அப்பாவிடம் சொன்னதை நானே கேட்டேன். "ஏற்கெனவே நாலு எடம் தட்டிப் போயிடுச்சி. இதயும் உட்டா ஒன்ன யாரு கட்டிப்பா? பேசாம இரு" என்றார் அப்பா. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை சொன்னாள். அப்பா செய்தித்தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாம் முறை அவள் சொல்லவில்லை. வழிக்கு வந்துவிட்டாள் என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியானோம்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிக்கலாம், பஜ்ஜி தின்னலாம், கை மட்டும் நனைக்கக் கூடாது. அதாவது உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதிலும் அந்த வீட்டில் மீன், கறி என்று கவிச்சி சாப்பிட்டுவிட்டால் பிறகு மாற்றிப் பேசுகிறவர்களை ஊரில் யாரும் மனிதராக மதிக்க மாட்டார்கள். சிதம்பரத்துக்காரர்கள் விவரமானவர்கள். போன முறை ஒரு வாய் காபியோடு எழுந்துவிட்டார்கள்.

அத்தை முதல் முறை மறுத்தபோதே சித்தப்பா லீவில் வந்து எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவர் அப்பாவின் தம்பி, பயணிகள் கப்பலில் சமையல்காரர். சமையல்காரர் என்றால் அடுப்புப் பக்கமே போகாத சமையல்காரர். குளிர வைத்துப் பரிமாறுகிற பண்டங்கள்தான் அவர் பொறுப்பு. "அடுப்பு பத்த வைக்கத் தெரியாத ஆளுக்கு டாலர்ல சம்பளம்" என்று அம்மா கேலி செய்வாள். என் பிறந்தநாளுக்கு இறாலை ஐஸில் குளிர வைத்துக் கோப்பையில் போட்டுத் தருவதாகச் சித்தப்பா சொன்னபோது அப்பா முதலில் முகம் சுளித்தார்.

"ஸ்பூன்ல சாப்புடறதுண்ணே. சோறும் இல்ல, எலயும் இல்ல. பார்ட்டின்னா வந்தவங்க கையில மொதல்ல இதத்தான் குடுப்பாங்க" என்றார் சித்தப்பா.

அப்பா சற்று நேரம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "கொழந்த பொறந்தநாளுன்னு நீட்டுனா வாணாம்னு சொல்ல முடியாது. எறா உள்ள போயிடுச்சின்னா போதும். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மாத்திப் பேசுவாங்க?"

அத்தை கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. சிவப்புப் பேனா மட்டும் சற்று நேரம் ஒரே இடத்தில் நின்றது.

பிறந்தநாளன்று மதியம் சித்தப்பா முதுநகர் துறைமுகத்திலிருந்து இரண்டு கிலோ இறால் வாங்கி வந்தார். தெருவில் நான்கு வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டி உறைய வைக்கச் சொல்லியிருந்தோம். ஐஸ்கிரீம் கடையிலிருந்து பன்னிரண்டு கண்ணாடிக் கோப்பைகள் இரவல் வந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால், இறால் பையைப் பிரிப்பதற்குக்கூட முன்னால், புதிதாக வாங்கிய சிவப்புப் பிடி போட்ட கத்தி ஒன்றை என்னிடம் கொடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். அத்தைக்கு இறால் ஆகாது. சிறுவயதில் இறால் பொரித்த எண்ணெயில் சுட்ட வடையைத் தின்றதற்கே உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துப்போயிற்றாம். அதனால் அவளுக்கு மட்டும் வெள்ளரிக்காயும் மாதுளையும் வைத்துத் தனிக் கிண்ணம். அந்தக் கத்தியால் நறுக்கி, மூடி, ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் வைத்துவிட்டு, கத்தியையும் பலகையையும் பரண்மேல் போட்டார்.

அப்புறம்தான் இறாலை உரித்தார். முதுகைக் கீறிக் கருப்பு நரம்பை எடுத்து, உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டே நிமிடம். சிவந்து சுருண்டதும் ஐஸ் தண்ணீரில் கொட்டினார். தக்காளி சாஸும் மயோனைஸும் மிளகுத்தூளும் கலந்தார். கோப்பைக்கு அடியில் கோஸ், அதன்மேல் சாஸ், விளிம்பில் ஐந்து இறால். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பன்னிரண்டையும் ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டு, யாரும் தொடாமல் பார்த்துக்கொள் என்று என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார். பிறந்தநாள்காரிக்குக் காவல்காரி உத்தியோகம்!

சாயங்காலம் ஐந்து மணி. வாசலில் கார் வந்து நின்றது. எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். அத்தை பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக உள்ளே வந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். தன் கிண்ணத்தைத்தான் எடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு கோப்பையை எடுத்தாள். நின்றபடியே ஐந்து இறாலையும் ஒவ்வொன்றாக வாயில் போட்டாள். சரியாக மெல்லக்கூட இல்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்து மை கரைந்தது. கோப்பையைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"யாருகிட்டயும் சொல்லாத" என்றாள்.

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. பாவம், எவ்வளவு நாள் ஆசையோ! ஊரெல்லாம் இறால் தின்னும்போது இவள் மட்டும் வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தால் நாக்கு ஏங்காதா? சொல்லவே மாட்டேன் என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

கேக் வெட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். சித்தப்பா தட்டில் கோப்பைகளை வைத்து நீட்ட, மாப்பிள்ளையின் அம்மா ஒன்றை எடுத்துக்கொண்டார். "என்னா அழகா இருக்குது" என்றார். ஸ்பூனை உள்ளே விட்டார். அப்பா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அத்தை தண்ணீர்த் தட்டோடு வந்தாள். உதடுகள் வீங்கித் தொங்கின. கண்கள் கோடாக இடுங்கியிருந்தன. தட்டு கீழே விழுந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சுவிட்டாள். பழையபடி தடித்து அடங்கிவிடும் என்றுதான் அவளும் எண்ணியிருப்பாள். இவ்வளவுக்குப் போகும் என்று அவளுக்கும் தெரிந்திருக்காது.

மாப்பிள்ளையின் அம்மா கோப்பையை அப்படியே கீழே வைத்தார். "கெளம்புங்க. பொண்ணு மொதல்ல பொழைக்கட்டும். பேச்செல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அந்த அப்புறம் வரவேயில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் மூச்சு சீரானது. வெளியே வராந்தாவில் அப்பா சித்தப்பாவின் சட்டையைப் பிடித்தார். "எறா வாடையே படாம இருக்கறவளாச்சே. எப்புடிடா ஆச்சி?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "நாந்தாண்ணே. எறா கீறுன கத்தியிலயே அவளுக்கு வெள்ளரிக்கா நறுக்கிட்டேன்."

அப்பா அவரைக் கன்னத்தில் அறைந்தார். நாற்பது வயது மனிதர், பத்துப் பேர் பார்க்க, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிவப்புப் பிடிக் கத்தி என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சித்தப்பா என் கையை அழுத்திப் பிடித்தார். காவலுக்கு இருந்து ஒரு கோப்பையைக் கோட்டைவிட்டது நான். என்னைக் காப்பாற்றத்தான் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. பல வருடங்கள் அந்த நன்றியோடுதான் இருந்தேன்.

அதற்குப்பின் எங்கள் வீட்டுச் சமையலறையில் சித்தப்பாவைக் கத்தி தொட விடவில்லை. விசேஷ வீடுகளில் "கப்பக்காரன் கையால தண்ணி வாங்கிக் குடிக்காதீங்கப்பா" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். பெண்ணுக்கு ஏதோ நோய் என்று பேச்சுப் பரவியதால் அத்தைக்கு வரன் வருவதும் நின்றது. இன்று அவள் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியை. ஒருவருக்கு மனைவியாகப் போகவேண்டியிருந்த ஊர்ப் பக்கமேத் தன் சம்பளத்தில், தன் பெயரில் வீடு பிடித்துப் போயிருக்கிறாள்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். சித்தப்பாவும் வந்திருந்தார். கப்பலை விட்டு வந்துவிட்ட அவருக்கு இப்போது அந்த ஒரு சமையலறைதான் சுதந்திரம். அத்தைக்கு வெள்ளரிக்காய் நறுக்குவதற்கு முன்னால் கத்தியை இரண்டு முறை கழுவினார். அப்போது கேட்டேன்.

"அன்னிக்கி எனக்காகத்தான பொய் சொன்னீங்க சித்தப்பா?"

"ஒனக்காவா?" என்று நிமிர்ந்தார். கூடத்தில் அத்தை யாரோ பெற்றோரிடம் போனில் கண்டிப்பாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு கப்பு வச்சேன். பதினொண்ணுதான் வெளிய வந்துச்சி. ஒண்ணு கழுவி ஜன்னல்ல கவுந்து கெடந்துது. ரெண்டு தடவ வாயத் தெறந்து வாணாம்னு சொன்னாம்மா. ஒங்கப்பனுக்குக் கேக்கல. எனக்கு மட்டும் கேட்டுச்சா? நான் எறா வாங்கப் போயிட்டேன்."

மறுபடியும் வெள்ளரிக்காயை நறுக்க ஆரம்பித்தார். இரண்டு முறையும் அது என் காதிலும்தான் விழுந்திருந்தது.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நான் செய்த காரியம் நினைவுக்கு வந்தது. பலூன்கள் அப்படியே தொங்கின. நான் ஃப்ரிட்ஜைத் திறந்து, யாரோ திரும்ப உள்ளே வைத்திருந்ததில் ஒரு கோப்பையை எடுத்து, அத்தை நின்ற அதே இடத்தில் நின்று ஐந்து இறாலையும் தின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒருத்தி அழுதுகொண்டே தின்னும் அளவுக்கு அதில் அப்படி என்ன ருசி என்று எனக்கு விளங்கவேயில்லை.